யோசேப்பு கட்சி, மன்னா கட்சி

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்தில் தயாராகும் வண்டிகள் பெட்ரோலில் ஓடுகின்றன, டீசலில் ஓடுகின்றன, இப்போது பேட்டரியிலும் ஓடுகின்றன. அந்த வண்டிகளுக்குச் சாமான் செய்து கொடுக்கும் எங்களைப் போன்ற சின்ன கம்பெனிகள் ஓடுவது பயத்தில்.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் அப்படியொரு கம்பெனியில் நான் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். என் வேலையைப் புரிந்துகொள்ள ஒரு பிளாஸ்டிக் கிளிப் போதும். கார் கதவின் உட்புறத்து அட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிற, உங்கள் கண்ணில் வாழ்நாள் முழுக்கப் படாத கிளிப். விலை என்று பார்த்தால் ஒரு டீக்கு வராது. அது நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றால் அங்கே லைன் நிற்கும். லைன் நின்றால் நிமிஷத்துக்கு இவ்வளவு என்று டெபிட் நோட் வரும். அந்தத் தொகையைப் பார்த்தால் அவர்கள் கிளிப்புக்காகக் காத்திருந்தார்களா, கப்பலுக்காகக் காத்திருந்தார்களா என்று சந்தேகம் வரும். எனவே மினிமம் ஸ்டாக், அதற்கு மேல் சேஃப்டி ஸ்டாக், அதற்கும் மேல் யாருக்கும் சொல்லாமல் கடைசி ரேக்குக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்திருக்கும் நாலு பெட்டி. கவலைப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போனால், மத்தேயு ஆறாம் அதிகாரம். பறவைகளுக்கு கோடவுன் கிடையாது, காட்டுப் பூவுக்குத் தையல் மெஷின் கிடையாது, ஆனாலும் பிழைக்கவில்லையா, நீ மட்டும் நாளையை நினைத்து ஏன் நகத்தைக் கடிக்கிறாய் என்கிற பாடம். வாரத்தில் ஆறு நாள் கவலைப்படச் சம்பளம். ஏழாம் நாள் கவலைப்பட்டால் அவிசுவாசம். இந்த இரண்டையும் ஒரே மண்டைக்குள் வைத்துக்கொண்டு பெருமாள் கோயில் ஊரில் குடித்தனம் நடத்துகிறேன்.

வேடிக்கை என்னவென்றால், பெரிய கார் கம்பெனிகள் எல்லாம் மத்தேயு ஆறாம் அதிகாரத்தின்படிதான் நடக்கின்றன. அவர்கள் களஞ்சியத்தில் சேர்ப்பதில்லை. டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டைப் பார்த்து வளர்த்தெடுத்த முறை: தட்டில் எடுத்த அளவுக்கு மட்டும் நிரப்பு, முன்கூட்டிக் குவிக்காதே. ஜஸ்ட் இன் டைம் என்று பெயர். கேட்க அழகாக இருக்கும். 1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானில் ஐசின் கம்பெனியின் கரியா ஆலையில் தீப்பிடித்தது. பிரேக்கில் போகும் ஒரு சின்ன வால்வைக் கிட்டத்தட்ட அவர்கள் மட்டும்தான் டொயோட்டாவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். டொயோட்டாவின் கையில் இருந்தது சில மணி நேரத்துக்கான ஸ்டாக். உலகமே வியந்து பார்த்த கம்பெனி கைக்கடக்கமான ஒரு வால்வுக்காக வாயைப் பிளந்து நின்றது. மற்ற வெண்டர்கள் ராப்பகலாக அந்த வால்வைச் செய்து கொடுத்து, ஒரு வாரத்துக்குள் லைனை எழுப்பிவிட்டார்கள். இந்தக் கதையை எங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொன்னவர், வெண்டர்களின் ஒற்றுமையைப் பற்றி உருகினார். நான் அந்த வெண்டர்களின் ஸ்டோர்ஸ்காரர்களை நினைத்து உருகினேன்.

எங்கள் பக்கத்தில் ஜஸ்ட் இன் டைம் எப்படி நடக்கிறது என்று பார்க்க ஆலைக்குள் போக வேண்டியதில்லை. விடியற்காலையில் ஒரகடம் சந்திப்புப் பக்கம் வந்தால் போதும். சாலையோரம் வரிசையாக லாரிகள். உள்ளே விடும் நேரம் வரும்வரை டிரைவர்கள் கைலியோடு ஸ்டவ்வில் சமைத்துக்கொண்டிருப்பார்கள். பெரியவர்கள் ஸ்டாக் வைக்காமல் நிம்மதியாக இருப்பதற்காக, அந்த ஸ்டாக்கை வெண்டரின் கோடவுனிலும் அரசாங்கத்தின் சாலையிலும் வைத்திருக்கிறார்கள். சின்னவனின் கவலைதான் பெரியவனின் விசுவாசம்.

ஸ்டோர்ஸ் கண்ணோடு வேதத்தை வாசிக்க ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. யாத்திராகமம் பதினாறாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வனாந்தரத்தில் மன்னா இறங்குகிறது. தலைக்கு ஒரு ஓமர், தினமும். நாளைக்கு என்று எடுத்து வைத்தால் புழு பிடித்து நாறும். வெள்ளிக்கிழமை மட்டும் இரண்டு ஓமர், ஏனென்றால் மறுநாள் வீக்லி ஆஃப். நாற்பது வருஷம் ஒரு நாள் கூட லைன் நிற்கவில்லை. ஓனோ பிறப்பதற்கு மூவாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் இது நடந்திருக்கிறது. அதே அதிகாரத்தின் கடைசியில், ஒரு ஓமர் மன்னாவை ஒரு கலசத்தில் போட்டு வரும் தலைமுறைகள் பார்ப்பதற்கென்று ஆரோன் எடுத்து வைக்கிறார். ரிட்டெயின் சாம்பிள்! எங்கள் குவாலிட்டி ஆட்கள் லாட்டுக்கு ஒன்று எடுத்து டப்பாவில் போட்டு லேபிள் ஒட்டி வைப்பார்களே, அதேதான். ஆடிட்டர் கேட்டால் காட்டலாம்.

ஐந்து அப்பம் இரண்டு மீனில் ஐயாயிரம் பேர் சாப்பிட்ட கதையில் எல்லோருக்கும் அற்புதம் தெரியும். எனக்குத் தெரிவது கடைசி வரி. மீதி பன்னிரண்டு கூடை. யாரோ எண்ணியிருக்கிறார்கள்! அத்தனை பெரிய அற்புதம் நடக்கும்போது, வாயைப் பிளக்காமல், குனிந்து கூடையை எண்ணிய அந்த மனுஷன் நிச்சயம் எங்கள் ஆள்.

என் குலதெய்வம் என்று சொல்லக் கூடாது, ஆனால் அந்த இடத்தில் இருப்பவர் யோசேப்பு. எகிப்தில் ஏழு வருஷ விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துப் பட்டணம் பட்டணமாகக் கோடவுன் போட்டு, அடுத்த ஏழு வருஷப் பஞ்சத்தை வென்ற மகா ஸ்டோர் கீப்பர். அவரிடம் எனக்கு ஒரே ஒரு குறை உண்டு. தானியம் கடற்கரை மணலைப் போலக் குவிந்ததும் அளப்பதையே நிறுத்திவிட்டார் என்று ஆதியாகமத்தில் எழுதியிருக்கிறது. எங்கள் கம்பெனியில் அப்படி நிறுத்தினால் அன்றைக்கே கேட் பாஸைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

இதையெல்லாம் நான் வீட்டில் சொன்னதுதான் வம்பு. நாங்கள் இருவரும் நாசரேத்துக்காரர்கள். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத். அங்கேயிருந்து நல்லது ஏதாவது வருமா என்று வேதத்திலேயே ஒருவர் கேட்டிருப்பதால், ஊர்ப்பெயரைச் சொன்னவுடன் எல்லோரும் அந்த ஜோக்கைச் சொல்வார்கள்; நாங்களும் முதல் தடவை கேட்பது போலச் சிரிப்போம். பஞ்சம், கள்ளுக்கடை, மிஷன் பள்ளிக்கூடம், அறுப்பின் பண்டிகை ஏலம் எல்லாம் பார்த்த பரம்பரை. என் மனைவியின் அம்மாச்சி தினமும் உலையில் போடுவதற்கு முன்னால் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் எடுத்துப் போட்டு, மாதக் கடைசியில் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர். பிடியரிசிக் காணிக்கை. அந்த ரத்தம்.

"யோசேப்பு சேத்து வச்சாரு சரி. கடைசியில என்ன பண்ணினாரு? அதையும் வாசிங்க" என்றாள்.

வாசித்தேன். நாற்பத்தேழாம் அதிகாரம். பஞ்சத்தில் ஜனங்கள் முதலில் பணத்தைக் கொடுத்துத் தானியம் வாங்குகிறார்கள். பணம் தீர்ந்ததும் ஆடுமாடு. அதுவும் தீர்ந்ததும் நிலம். ஊர் நிலம் முழுவதையும் பார்வோன் பெயருக்கு எழுதி வாங்கி முடிக்கிறார் யோசேப்பு.

"பாத்தியளா? அந்தக் காலத்துச் சிப்காட்டு" என்று சொல்லிவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. நான் யோசேப்பு கட்சி. அவள் மன்னா கட்சி. நான் லூக்காவைத் தொடுவதில்லை, ஏனென்றால் பன்னிரண்டாம் அதிகாரத்தில் பழைய களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டம் போட்டுவிட்டு அன்று இரவே செத்துப்போகும் பணக்காரன் ஒருவன் இருக்கிறான். அவள் வாயில் எப்போதும் அவன் தயாராக இருப்பான். அவள் எலியாவுக்கு அடை சுட்டுக் கொடுத்த சாறிபாத்து விதவையைப் பற்றிப் பேசினால் நான் எழுந்து போய்விடுவேன். பானையில் ஒரு பிடி மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய், மினிமம் ஸ்டாக்குக்கு எத்தனையோ கீழே, அதையும் யாரோ ஒரு ஆளுக்குக் கொடு என்கிறார்கள். அந்தக் கதையை வாசிக்கும்போது எனக்கு இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும்.

எங்கள் சபை கூடுவது ஒரு கட்டடத்தின் மாடியில். கீழே பஞ்சர் கடை. ஆராதனை உச்சத்துக்கு ஏறும் நேரம் பார்த்துக் கீழே கம்ப்ரஸரைப் போடுவார்கள். பாஸ்டர் அதற்கு மேலே குரலை உயர்த்துவார். கம்ப்ரஸர் நின்ற பிறகும் குரல் இறங்காது. இரவு ஷிப்ட் முடித்து யூனிஃபார்மோடு நேராக வருகிறவர்கள் கடைசி வரிசையில் உட்காருவார்கள். கண்களை மூடி ஜெபிப்போம் என்று பாஸ்டர் சொன்னதும் இவர்களைப் போல உடனே கீழ்ப்படிகிறவர்கள் சபையில் யாரும் இல்லை. ஆமென் சொன்ன பிறகுதான் சிக்கல். பவுல் நீளமாகப் பிரசங்கம் பண்ணியபோது ஜன்னலில் உட்கார்ந்து தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த ஐத்திகு என்னும் வாலிபனை நினைத்து, அவர்களை ஜன்னல் பக்கம் மட்டும் உட்கார விடுவதில்லை. சேஃப்டி ஃபர்ஸ்ட்.

ஜெப விண்ணப்பப் பெட்டியில் விழும் சீட்டுகளைப் பார்த்தால் இந்தப் பகுதியின் பொருளாதாரத்தை எழுதிவிடலாம். காண்டிராக்ட் பெர்மனென்ட் ஆக. பி.எஃப். பணம் வர. ரூம் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்க. சூப்பர்வைசர் மனந்திரும்ப. ஒரு சீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. கிடைக்க வேண்டும் என்று இருக்கும். அடுத்த சீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. போடாமல் இருக்க வேண்டும் என்று இருக்கும். இரண்டும் ஒரே கம்பெனியின் ஒரே லைன். கர்த்தர் எப்படித்தான் ரோஸ்டர் போடுகிறாரோ. சாட்சி சொல்லும் நேரத்தில் கார் வாங்கியவர், மனை வாங்கியவர் எல்லாம் நீளமாகச் சொல்வார்கள். எனக்கு அவற்றில் அவ்வளவு ருசி இல்லை. வங்கி கொடுத்த கடனைக் கர்த்தர் கொடுத்தார் என்று சொன்னால், தவணை கட்டத் தவறும் மாதம் யார் மேல் பழி விழும் என்று யோசிப்பேன். ஆனால் ஒரு பெண், செல்போன் அசெம்பிளியில் வேலை பார்ப்பவள், இந்த வாரம் அம்மாவுக்குப் பணம் அனுப்பிவிட்டேன், ஸ்தோத்திரம் என்று இரண்டே வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். சாட்சி என்றால் அது. கணக்கும் சரியாக இருந்தது.

செல்போன் என்றதும் இந்தப் பகுதிக்காரர்களுக்கு இங்கிருந்த நோக்கியா ஆலை ஞாபகம் வராமல் இருக்காது. 2006-இல் ஆரம்பித்தது. கம்பெனி பஸ்கள் கிராமம் கிராமமாகப் போய்ப் பெண் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும். அதை நம்பிக் கடன் வாங்கி மாடி மேல் மாடி கட்டினார்கள், மெஸ் போட்டார்கள், ஷேர் ஆட்டோ வாங்கினார்கள். எல்லா மதத்தாரும் ஒன்றுபோல நம்பிய ஒரே விஷயம் நோக்கியா என்று சொன்னால் தப்பில்லை. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. மறுபடி இந்தப் பக்கத்தில் வேறு பெயரில் வேறு போன்கள் வந்தன, பஸ்களும் வந்தன. எங்கள் வீட்டு ஓனர் மட்டும் அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியையும் நம்புவதில்லை. மூன்று மாத அட்வான்ஸைத்தான் நம்புகிறார்.

டிசம்பர் 31 இரவு வாக்குத்தத்த வசனம் எடுப்பது எங்கள் சபையில் பெரிய சடங்கு. தட்டில் அட்டைகள் கவிழ்ந்திருக்கும். புது வருஷத்துக்கு ஆண்டவர் தரும் வசனம் அதில் இருக்கும் என்பது விசுவாசம். என்ன வசனம் வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்: தலையாக்குவது, விசாலமாக்குவது, இரட்டிப்பாகத் தருவது போன்றவை. என்ன வசனம் வேண்டாம் என்பதும் தெரியும்: சிலுவையைச் சுமப்பது, உபத்திரவம், பொறுமை. பொறுமை வசனம் எடுத்தவரின் முகத்தைப் பார்த்தால் இன்க்ரிமென்ட் கடிதத்தைத் திறந்தவர் மாதிரி இருக்கும். ஒரு வருஷம் எனக்கு வந்தது லூக்கா பன்னிரண்டில் காகங்களைப் பற்றிய வசனம். காகத்துக்குப் பண்டசாலை கிடையாது, ஆனாலும் சாப்பிடுகிறது என்கிற பொருளில் வரும். உலகத்தில் எத்தனையோ வசனம் இருக்க, ஒரு ஸ்டோர்ஸ் இன்சார்ஜுக்கு இதுவா? என் மனைவி ஜனவரி முழுக்கச் சிரித்தாள். அந்த அட்டையை ஃபிரிட்ஜ் மேல் காந்தம் வைத்து ஒட்டினாள். ஃபிரிட்ஜ்தான் எங்கள் வீட்டின் பெரிய பண்டசாலை.

ஒரு சந்தேகத்தோடு இந்த இரண்டு கட்சி வழக்கைக் கம்பெனியில் பர்சேஸ்காரரிடம் சொன்னேன். அவர் ஸ்ரீபெரும்புதூரிலேயே பிறந்து வளர்ந்த வைஷ்ணவர். பெருமாள் கோயிலில் ராமானுஜரின் தான் உகந்த திருமேனி இருக்கும் தெருவுக்குப் பக்கத்துத் தெரு. 1017-இல் ராமானுஜர் பிறந்த ஊர் என்பதால், அவர்கள் ஆயிரம் வருஷமாக இதே விஷயத்தைப் பேசித் தீர்க்காமல் வைத்திருக்கிறார்கள்.

"நீங்க குரங்கா, பூனையா சார்?" என்றார்.

முதலில் கோபம் வந்தது. பிறகு விளக்கினார். கடவுளைச் சரணடைகிறவன் எப்படி இருக்க வேண்டும் என்பதில் ராமானுஜருக்குப் பின் வந்தவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். குரங்குக் குட்டி தாயின் வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்; தாய் தாவும்போது பிடியை விட்டால் போச்சு. அது வடகலை. பூனைக்குட்டி எதையும் பிடிக்காது. தாய் கழுத்தைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போகும், குட்டி தொங்கிக்கொண்டே போகும். அது தென்கலை. மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம்.

"நான் பூனை சார். அதான் பர்சேஸ்ல இருக்கேன். பி.ஓ. போட்டுட்டேன், வர்றது பெருமாள் இஷ்டம்."

"வரலைன்னா?"

"அதுக்குத்தானே குரங்கு நீங்க இருக்கீங்க."

என் மனைவியிடம் சொன்னேன். அவள் பூனைக்கு ஓட்டுப் போட்டாள். ஆனால் பூனையும் குட்டியைத் தூக்குவதற்கு முன்னால் நாலு வீடு மோப்பம் பிடித்து இடம் பார்த்து வைக்கிறதே, அது ஸ்டோர்ஸ் வேலை இல்லையா என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. அந்த வாரம் யோசேப்பு கட்சிக்கு ஒரு சீட்.

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜை விமரிசையாக நடக்கும். ஃபோர்க்லிஃப்டுக்கு மாலை, மோல்டிங் மெஷினுக்குச் சந்தனம், வெர்னியருக்குக் குங்குமம். எல்லாருக்கும் பொரி கடலை. நான் ஓரமாக நின்று மனதுக்குள் ஜெபம் பண்ணிவிட்டுப் பொரியை வாங்கிக்கொள்வேன். பிளான்ட் ஹெட் அப்போது என் பக்கம் திரும்பி, "உங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க சார், அடுத்த மாசம் கஸ்டமர் ஆடிட் இருக்கு" என்பார். ஒரு வெண்டருக்கு ரெண்டு சோர்ஸ் இருப்பது நல்லது என்பது அவர் கொள்கை. கொரியாக்காரர்கள் ஆடிட்டுக்கு வருவார்கள். அவர்களில் ஒருவர் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த சிலுவைப் படத்தைப் பார்த்துவிட்டு, தானும் ஒரு சபையின் மூப்பர் என்று சைகையும் அரைகுறை இங்கிலீஷுமாகச் சொன்னார். கொரியாவில் விடியற்காலை ஜெபம் என்பது சபைகளின் பெரிய வழக்கம். இருட்டு விலகுவதற்கு முன்னால் கோயிலில் கூடிவிடுவார்கள். இருவரும் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டோம். சகோதரன் கிடைத்த சந்தோஷத்தில் நான் கொஞ்சம் தளர்ந்தேன். அவர் நேராகக் கடைசி ரேக்குக்குப் பின்னால் போய், அந்த நாலு பெட்டியைக் கண்டுபிடித்து, லேபிள் இல்லாத ஸ்டாக் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். விடியலில் எழுகிறவர்களுக்குக் கண் கூர்மை அதிகம்.

குவாலிட்டி ஆட்களுக்கென்று ஒரு அப்போஸ்தலர் உண்டென்றால் அவர் தோமாதான். மற்றவர்கள் பார்த்தோம் என்று சொன்னதை வைத்து பாஸ் போடாமல், காயத்தில் விரலை வைத்துப் பார்த்தால்தான் ஓகே என்றவர். இன்கமிங் இன்ஸ்பெக்ஷனுக்கு இதைவிட நல்ல விதி கிடையாது. பன்னிரண்டு பேரில் நம் கரைக்கு வந்தவராக மரபு சொல்வது அந்தச் சந்தேகக்காரரைத்தான். கி.பி. 72-இல் அவர் உயிர்விட்ட இடம் என்று சொல்லப்படும் பரங்கிமலை, எங்கள் கம்பெனி பஸ் தாம்பரம் தாண்டிப் போகும் வழியில் இருக்கிறது. அந்த பஸ்ஸில் போக நேரும் நாட்களில், எல்லோரும் தூங்கும்போது நான் மட்டும் அந்த மலையைப் பார்த்து ஒரு சல்யூட் வைப்பேன். நம்பினவர்களின் வரிசையில் சோதித்துப் பார்த்தவருக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

இரண்டு கட்சியும் உரிமை கொண்டாடும் ஆள் ஒருவர் இருக்கிறார்: சீகன்பால்கு. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன்காரர். வேதத்தைத் தமிழில் அச்சடிக்க வேண்டும். லண்டனிலிருந்து அச்சு இயந்திரம் அனுப்பினார்கள். வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். இயந்திரம் தப்பி 1712-இல் வந்து சேர்ந்தது. அதை ஓட்டத் தெரிந்த ஆள் வழியிலேயே இறந்துபோனார். மெஷின் வந்துவிட்டது, ஆப்பரேட்டர் இல்லை. இதைப் படித்ததும் எனக்கு இது தரங்கம்பாடியா ஒரகடமா என்று குழம்பிவிட்டது. கோட்டைச் சிப்பாய்களில் அச்சு வேலை தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்தார்கள். பிறகு ஜெர்மனியில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் வந்தன. அவை அளவில் பெரிது. அந்த எழுத்தில் அடித்தால் காகிதம் பத்தாது. ரா மெட்டீரியல் ஷார்ட்டேஜ். உட்கார்ந்து அழவில்லை. அங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து சாப்பாட்டுக்கு வந்த சீஸ் டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கினார்கள் என்று சொல்வார்கள். பொறையாறில் காகித ஆலையும் போட்டார்கள். 1714, 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் வந்துவிட்டது.

பார், மூடியைக் கூடத் தூக்கிப் போடாமல் சேர்த்து வைத்திருக்கிறார்கள், ஸ்கிராப் மேனேஜ்மென்ட், எங்கள் கட்சி என்றேன் நான். சீஸ் கேட்டா அனுப்பினாங்க, மூடியா வந்துச்சு, எங்க கட்சி என்றாள் அவள். இந்த வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

வழக்கைக் கோர்ட்டுக்கு இழுத்தது மேல்மாடிப் பையன்கள். எங்கள் வீட்டுக்கு மேலே ஓனர் போட்டிருக்கும் ஷீட் ரூமில் காண்டிராக்ட் பையன்கள் தங்கியிருக்கிறார்கள். ஒடிசாவும் ஜார்க்கண்டும் கலந்து. பாய்களைவிட ஆட்கள் அதிகம். காலை ஷிப்ட்காரன் எழுந்து போனதும் அதே பாயில் இரவு ஷிப்ட்காரன் வந்து படுப்பான். பாய் ஆறுவதே இல்லை. ஓனோ பார்த்திருந்தால் கண்ணீர் விட்டிருப்பார், அவ்வளவு சுத்தமான ஜஸ்ட் இன் டைம். பெரிய கம்பெனியில் விற்பனை குறைந்தால் உற்பத்தி இல்லாத நாள் என்று அறிவிப்பார்கள். 2019-இல் வண்டி விற்பனை சரிந்தபோது நாடு முழுக்க இந்த அறிவிப்பு வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்தப் பக்கத்து ஆலைகள் சில நாள் மூடிக் கிடந்தன. பெர்மனென்ட் ஆட்களுக்கு அது லீவு மாதிரி. காண்டிராக்ட் பையனுக்கு அன்றன்றைக்கு வேலை, அன்றன்றைக்குக் கூலி. மன்னா இறங்காத நாள். லைன் நிற்கக் கூடாது என்று ராத்திரி பகலாக நான் காவல் காப்பது இவர்களுக்காகவும்தானே என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் என்னிடம் இருந்த சேஃப்டி ஸ்டாக் எல்லாம் கிளிப்பாக இருந்தது. கிளிப்பைத் தின்ன முடியாது.

அப்படி ஒரு வாரத்தில் எங்கள் வீட்டு அரிசி டிரம்மின் அளவு சந்தேகப்படும்படி இறங்கியது. நாங்கள் இரண்டு பேர், பையன் ஒருவன். எவ்வளவு சாப்பிட முடியும் என்று எனக்குத் தெரியும். கன்சம்ப்ஷன் ரேட் என் தொழில். கேட்டேன்.

"மேல உள்ள பயலுவளுக்குக் கொடுத்தேன். பட்டினியா கெடக்கானுவ."

"எவ்வளவு?"

"அளந்தா கொடுப்பாவ?"

"அளக்காம எப்படி? மாசக் கடைசிக்கு நமக்கு வேண்டாமா?"

"டிரம்மு நெறஞ்சே இருந்தா ஆண்டவரு என்னத்துக்கு நம்ம வீட்டுப் பக்கம் வரப்போறாரு? காலியானாத்தானே இண்டென்ட் பாப்பாரு."

பதில் சொல்லத் தெரியாத ஆண்கள் எல்லாக் காலத்திலும் செய்ததை நானும் செய்தேன். ஒரு சிஸ்டம் கொண்டுவந்தேன். கம்பெனி ரேக்குகளில் தொங்குவது போல ஒரு பின் கார்டை எடுத்து அரிசி டிரம்மின் கைப்பிடியில் கட்டிவிட்டேன். தேதி, வரவு, பற்று, இருப்பு, யாருக்கு, யார் அனுமதி, கையெழுத்து. கொடு, வேண்டாம் என்று சொல்லவில்லை, எழுதிவிட்டுக் கொடு. ஒரு உழக்கையும் உள்ளே போட்டேன். யோசேப்பு மட்டும் அளப்பதை நிறுத்தாமல் இருந்திருந்தால் இந்த உழக்கு எகிப்திலிருந்தே வந்திருக்கும்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அழகான கையெழுத்து அவளுக்கு. ஓய்வுநாள் பள்ளியில் பரிசு வாங்கியது. கார்டு ஒழுங்காக நிரம்பிக்கொண்டே வந்தது. சனிக்கிழமை ஸ்டாக் எடுக்க உட்கார்ந்தேன். பற்று நாலு உழக்கு. யாருக்கு என்னும் கட்டத்தில் மேல்மாடி. யார் அனுமதி என்னும் கட்டத்தில் மத்தேயு 25:35. அடுத்த வரி, பற்று மூன்று உழக்கு. அனுமதி, லூக்கா 6:30. அதற்கடுத்து, பற்று ஐந்து உழக்கு. அனுமதி, ஏசாயா 58:7. இரண்டு இடத்தில் வசனத்தைச் சரி பார்க்க வேதத்தை எடுத்தேன். அத்தாரிட்டி எல்லாம் செல்லும். என் சிக்னேச்சர் லெவலுக்கு மேலே. புத்தக இருப்பும் டிரம்மில் இருந்த இருப்பும் ஒரு உழக்குக்கூட வித்தியாசமில்லாமல் பொருந்தின. தப்பு சொல்ல ஒன்றுமில்லை, அரிசியும் இல்லை.

கடைசி வரியில்தான் வரவு இருந்தது. வரவு: 10 கிலோ. எங்கிருந்து: மேல்மாடி. வேலை திரும்ப ஆரம்பித்து, காண்டிராக்டர் பணம் போட்டதும் பையன்கள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்களாம். அனுமதி: லூக்கா 6:38. எனக்குச் சந்தோஷம். டிரம்மைத் திறந்தேன். உள்ளே ஒரு கோதுமை மாவுப் பாக்கெட்.

"இது அரிசி டிரம்முக்கான கார்டு. கோதுமையை இதுல வரவு வைக்கக் கூடாது" என்றேன்.

"ஏன்?"

"பார்ட் நம்பர் வேற. ஆர்டர் போடாத சாமான். ஸ்டோர்ஸ் விதிப்படி கேட்லயே திருப்பி அனுப்பணும்."

"நீங்க கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துட்டு வாங்க. அந்தப் பயலுவ மொகத்தப் பாத்துச் சொல்லிட்டு வாங்க."

திருப்பி அனுப்பவில்லை. ஆனால் ரிமார்க்ஸ் கட்டத்தில், ஆர்டர் இன்றி வந்தது, மாற்றுப் பொருள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று ராத்திரி சப்பாத்தி. எங்கள் இரண்டு குடும்பத்திலும் மூன்று தலைமுறையாக யாரும் சப்பாத்தி இட்டதில்லை. ஒன்று ஒடிசா மாதிரி வந்தது, ஒன்று இலங்கை மாதிரி வந்தது, வட்டமாக ஒன்றும் வரவில்லை. குவாலிட்டி ஆள் பார்த்திருந்தால் லாட் முழுவதையும் ரிஜெக்ட் போட்டிருப்பார். நாங்கள் டீவியேஷன் எழுதி ஏற்றுக்கொண்டோம்.